காற்றுப் பிடுங்கிய கதை

எங்கள் வீட்டில் ஆட்கள் நாலு பேர். தலையணைகள் பத்தொன்பது.

குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் கணக்குத் தணிக்கைப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தணிக்கை செய்ய வேறு எதுவும் கிடைக்காததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டுப் பரணில் ஏறி, ஒவ்வொன்றாக இறக்கி எண்ணி, நோட்டில் எழுதினேன். தலையணை 19. போர்வை 23. ரஜாய் 2. ஒற்றைக் கட்டிலுக்கான இலவம்பஞ்சு மெத்தை 3. பவானி ஜமக்காளம் 2. பத்தமடைப் பாய் 1. ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், மங்கி குல்லா வகையறா மொத்தம் 26 உருப்படி.

வீடு இருப்பது தாம்பரம் பக்கம். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியைத் தொட்டாலே 'உடம்பெல்லாம் நடுங்குது சார்' என்று பேசிக்கொள்கிற ஊர். இங்கே இருபத்தாறு கம்பளி உருப்படி வைத்திருக்கிறவன் பனிக்கரடி வளர்க்கிற உத்தேசத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் வந்ததற்கு நியாயம் உண்டு. ரஜாய் இரண்டும் டில்லிக்கு மாற்றலாகி மூன்று குளிர்காலம் கழித்ததன் நினைவுச் சின்னங்கள். போர்வைகளில் பாதி கிரகப்பிரவேசத்துக்கு வந்தவை. சொந்தபந்தம் எல்லோரும் பேசி வைத்தாற்போல் சென்னிமலைக்கே போய்விட்டார்கள். என் மனைவிக்குப் போடிநாயக்கனூர். இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரர்கள் மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டார்கள். என் மாமியார் வரும்போதெல்லாம் கக்கத்தில் இரண்டு தலையணை வந்தது. ஸ்வெட்டர்கள் ஊட்டிக்குப் போனபோது திபெத்தியர் கடைகளில் வாங்கியவை. மூன்று நாள் போட்டுக்கொண்டு, பதினைந்து வருஷமாகப் பத்திரப்படுத்தி வருகிறோம்.

எங்கள் பரண் கதவைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. இடது கையால் தாழ்ப்பாளை விலக்கி, வலது கையால் கதவைத் தாங்கி, மண்டையைக் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு தலையணை விழும். அது முன்னோடி. அதற்குப் பின்னால் ஊர்வலம்.

இந்த நிலையில்தான் கைபேசியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இடுப்பு உயரத்துக்குக் குவிந்த மெத்தை போர்வைகளைக் கண்ணாடிப் பைக்குள் திணிக்கிறாள். ஜிப்பை இழுக்கிறாள். வட்டமான ஒரு வால்வில் குழாயை வைக்கிறாள். ஆறே விநாடி, மலை அப்பளமாகிவிட்டது. அதைத் தூக்கி அலமாரியில் புத்தகம் மாதிரி செருகிவிட்டுச் சிரித்தாள். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. எட்டுப் பைகள், கைப்பம்பு இலவசம் என்று போட்டிருந்தது. 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டபின் ஒரு தமிழன் யோசிப்பது நம் மரபில் இல்லை.

பார்சல் வந்த அன்று கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சிறு முன்னுரை ஆற்றினேன்.

"இந்தப் பை எதையும் உறிஞ்சி அமுக்குறதில்ல. உள்ளே இருக்கிற காத்தை எடுத்துட்டா, வெளியே இருக்கிற காத்து அமுக்கும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பை 80க்கு 100. எட்டாயிரம் சதுர சென்டிமீட்டர். கணக்குப் போடுங்க, எட்டு டன்!"

யாரும் போடவில்லை. நான் விடவில்லை. வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்றார் அரிஸ்டாட்டில். ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்து மேயராக இருந்த ஆட்டோ ஃபான் கெரிக் என்பவர் அதை நம்பவில்லை. 1650களில் இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்ட வைத்து, உள்ளே இருந்த காற்றைத் தன் பம்பால் எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னார். குதிரைகள் திணறிப் போயின.

என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்குப் பதினாறு குதிரை இருந்துச்சு. நமக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க" என்றாள்.

அம்மா கேட்டது வேறு. "ஏல, தலையணைக்குள்ள இருக்கதே காத்துதான். அதையும் புடுங்கிட்டா படுக்கவன் எதுல தலை வைப்பான்?"

எண்பத்தொரு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அந்தக் கேள்விக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. "உனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பம்பைக் கையில் எடுத்தேன்.

கைப்பம்பு பார்வைக்குச் சைக்கிள் பம்பின் தம்பி. அண்ணன் காற்றை உள்ளே தள்ளுவான். தம்பி வெளியே இழுப்பான். முதல் ஐம்பது இழுப்பில் பை லேசாகத் தோளைக் குறுக்கியது. நூறில் எனக்கு மூச்சு வாங்கியது. இருநூறில், பைக்குள் இருந்து வெளியேறிய காற்றைவிட என்னிடமிருந்து வெளியேறியது அதிகம் என்று தோன்றியது. பனியனைக் கழற்றிப் பிழிந்தேன்.

"வேக்குவம் கிளீனர் இருக்குல்லப்பா?" என்றான் மகன், கைபேசியிலிருந்து தலை தூக்காமல்.

இருந்தது. பரணில், தலையணைகளுக்குப் பின்னால், கடைசி மூலையில். அதை எடுக்க மிச்சமிருந்த எல்லாவற்றையும் இறக்க வேண்டியதாயிற்று. இறக்கினோம். கூடம் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி ஆனது.

ஆனால் அந்த இயந்திரக் குழாயை வால்வில் வைத்து அழுத்தியபோது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அப்படி ஒரு காட்சி. பை 'சரசர' என்று முனகியது. மூலைகள் உள்ளே சுருண்டன. பிளாஸ்டிக் தலையணை மேல் ஒட்டிக்கொண்டு, உறையில் அச்சடித்திருந்த ரோஜாப் பூக்கள் ஒவ்வொன்றாக முகம் சுளித்தன. தையல் விளிம்பு நரம்பு மாதிரி புடைத்தது. ஒரு நிமிஷத்தில் ஐந்து தலையணைகள் சேர்ந்து ஒரே கருவாடாகிவிட்டன. விளம்பரத்தில் வந்த மாதிரி தட்டையாகப் புத்தகம் போல வராது. கோணிக்கொண்டு, முறுக்கிக்கொண்டு, தட்டினால் பலகைபோல 'டொக்' என்று சத்தம் வரும். நானே மூன்று தடவை தட்டிப் பார்த்தேன்.

எல்லாப் பைகளும் அப்படிப் பணியவில்லை. ஜமக்காளம் வைத்த பையில் பத்து நிமிஷம் இயந்திரத்தை ஓட்டினேன். அது அரை அங்குலம்கூட இறங்கவில்லை. பவானித் தறியில் அடித்து அடித்து நெய்தவர்கள் காற்றை அங்கேயே பிடுங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பஞ்சு, கம்பளி, ரஜாய் போன்ற உப்பின சாமான்தான் சுருங்கும். ஏற்கெனவே இறுகியது இறுகியதுதான். தணிக்கைப் பிரிவில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் எண் பை ஸ்வெட்டர்களுக்கு. திணித்து, ஜிப்பை இழுக்கப் போகும்போது அம்மா வந்து, உள்ளே கைவிட்டு, காப்பிக் கலர் அரைக்கை ஸ்வெட்டர் ஒன்றை உருவி எடுத்தாள். அப்பாவுடையது. தோளில் ஒரு இடத்தில் வேறு நூலால் தைத்திருக்கும்.

"இது வேண்டாம்ல. அவுகளுக்கு ஏற்கெனவே இழுப்பு. மூச்சு முட்டும்."

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 26 என்று இருந்ததை அடித்து 25 என்று எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் எட்டுப் பையும் முடிந்தன. பைகளில் எண் ஒட்டி, எதில் என்ன போகும் என்று ஒரு முழுத்தாளில் முன்பே பட்டியல் எழுதி வைத்திருந்தேன். பரணில் அடுக்கிவிட்டு இறங்கிப் பார்த்தால், பாதிப் பரண் காலி. சுவர் தெரிந்தது! அந்தச் சுவருக்கு என்ன நிறம் அடித்தோம் என்பதே அன்றைக்குத்தான் நினைவு வந்தது. பட்டியலைக் கதவில் ஒட்டலாம் என்று தேடினேன். காணவில்லை. அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகு மகன் கண்டுபிடித்தான்: மூன்றாம் எண் பைக்குள், ரஜாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், எட்டு டன் அழுத்தத்தில், 'பட்டியல்' என்ற தலைப்பு மட்டும் தெளிவாகத் தெரியும்படி இருந்தது.

வெற்றி தலைக்கேறினால் மனிதன் ஆலோசகராகிவிடுகிறான். அண்ணன் மகன் டொரோண்டோவுக்குப் படிக்கப் போகிறான் என்றதும் இரண்டு பைகளைப் புதிதாக வாங்கிக்கொண்டு நானே போய் நின்றேன். ஒரு பெட்டியில் இரண்டு பெட்டிச் சாமானை அடக்கிக் காட்டினேன். குடும்பமே கைதட்டியது. மீனம்பாக்கத்தில் எடை போட்டபோது இயந்திரம் 31 என்றது, அனுமதி 23. காற்றை எடுத்தால் இடம் குறையும், எடை குறையாது. இதைப் பெட்டி தூக்குகிற எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். உருவி எடுத்தவற்றில் இரண்டு ஸ்வெட்டர்களையும் ஒரு குளிர்கோட்டையும் வைக்கப் பை இல்லாமல், அவற்றைப் போட்டுக்கொண்டே அண்ணன் வீடு திரும்பினார். அன்றைக்கு நல்ல வெயில். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒருமுறை கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். காலியான பாதிப் பரண் என்னவாயிற்று? அரிஸ்டாட்டில் சொன்னது எங்கள் வீட்டளவில் முழுக்கச் சரி: வெற்றிடம் இருக்கவே முடியாது. மறுநாளே டி.வி. வந்த அட்டைப்பெட்டி ஏறியது. அடுத்து மிக்ஸி பெட்டி, குக்கர் பெட்டி, உடைந்த டேபிள் ஃபேன், கொலுப்படிப் பலகை. "இடம்தான் இருக்கே" என்றாள் மனைவி. மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்தபோது, முன்பு தலையணை விழுந்த அதே இடத்தில், அதே மண்டையில், குக்கர் பெட்டி விழுந்தது. முன்பு விழுந்தது மெத்தென்று இருந்தது.

பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பரணில் 'படார்' என்று ஒரு சத்தம். மனைவி என்னைத் தட்டி எழுப்பி, "என்னங்க, திருடன்" என்றாள். பூரிக்கட்டையோடு போனேன். தாழ்ப்பாள் தெறித்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து நாலாம் எண் பை உப்பிய கன்னத்தோடு எட்டிப் பார்த்தது. ஜிப்பின் பல்லுக்கிடையில் ஒரே ஒரு பஞ்சிழை மாட்டியிருந்திருக்கிறது. ஒரு நூல் போதும். எட்டு டன் காற்றும் அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாகத் திரும்ப வந்துவிடும். அப்பளம் பூரியாகி, பக்கத்தில் இருந்த டி.வி. பெட்டியைத் தள்ளி, அது கதவைத் தள்ளியிருக்கிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தை மாதம் வந்தது.

ஒரு முகூர்த்தத்துக்காகச் சித்தப்பா குடும்பம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கியது. ஏழு பேர். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பதினைந்து வருஷமாக எந்த விருந்தாளிக்காக இத்தனையும் காத்தோமோ அவர்கள் வந்தேவிட்டார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஏணியைப் போட்டு, பைகளை இறக்கி, எல்லோரும் பார்க்க வால்வைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், மெத்தை கண்ணெதிரே எழுந்து உட்காரும், குழந்தைகள் கைதட்டும் என்பது என் திட்டம்.

காற்று உள்ளே போனது. பதிலுக்கு ஒரு வாடை வெளியே வந்தது. மழையில் நனைந்த நாயும் அந்துருண்டையும் கூட்டுச் சேர்ந்து வியாபாரம் தொடங்கியது போன்ற வாடை. பைக்கு நாலு அந்துருண்டை வீதம் போட்டிருந்தேன். உருகாமலே ஆவியாகிற வஸ்து அது, போக வழியில்லாமல் இரண்டு மாதம் துணிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. சித்தி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டார். ரஜாயில் விழுந்த சுருக்கங்கள் வறண்ட குளம் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தன. ஒரு மெத்தையின் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம். இலவம்பஞ்சுத் தலையணை எழவே இல்லை. கட்டியாகி, தட்டையாகி, நடுவில் குழி விழுந்து கிடந்தது.

சித்தப்பா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏல, இது தலையணையா, அடையா?"

காரணத்தை அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் பைக்குள் அடைத்தது ஐப்பசி அடைமழையில். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆனால் சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைக் கைக்குத் தெரியாமல் வைத்திருக்கும். கம்பளி 16 சதவீதம்வரை. சென்னையின் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நான் அந்த ஈரத்தையும் சேர்த்துச் சீல் வைத்திருக்கிறேன். காற்றைப் பிடுங்கினேனே தவிரத் தண்ணீரைப் பிடுங்கவில்லை.

இலவம்பஞ்சு விஷயம் அதைவிடச் சங்கடம். அந்த இழை உள்ளே கூடானது. நிறையக் காற்றைப் பிடித்து வைத்திருப்பதாலும் தண்ணீர் ஒட்டாததாலும்தான் ஒருகாலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மேலங்கிக்குள் அதை அடைத்தார்கள். அதாவது என் மாமியார் போடியிலிருந்து இத்தனை வருஷம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றில்தான் தலை சாய்த்துத் தூங்கினோம். அதைத்தான் நான் இயந்திரம் வைத்து உறிஞ்சி வெளியே விட்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்த அம்மா அன்றைக்குக் கேட்டது இதையே.

அன்றிரவு விருந்தாளிகளைக் காப்பாற்றியது பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும். பையில் அடைத்தாலும் சுருங்காத ஜமக்காளம், விரித்தபோதும் அப்படியே இருந்தது. தலைக்கு வேட்டிகளைச் சுருட்டிக் கொடுத்தாள் அம்மா. சித்தப்பா படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். பத்தொன்பது தலையணை உள்ள வீட்டில் ஏழு பேர் வேட்டிச் சுருளில் தலைவைத்துப் படுத்ததை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுவாரம் நிர்வாகம் அம்மா கைக்குப் போனது. மொட்டைமாடியில் மூன்று நாள் வெயில். முன்பென்றால் தோளில் வில்லைப் போட்டுக்கொண்டு தெருவில் குரல் கொடுக்கிற பஞ்சு கொட்டுகிறவரைக் கூப்பிட்டிருப்போம். 'டொய்ங் டொய்ங்' என்று அவர் நாண் தட்டினால் கட்டியான பஞ்சு மறுபடி பறக்கும். இப்போது எங்கள் பக்கம் அவர் வருவதில்லை. அம்மா உறையைப் பிரித்து, பஞ்சை முறத்தில் கொட்டி, விரலாலேயே பிய்த்துக் கொடுத்தாள். என்னையும் உட்கார வைத்தாள். மூன்று தலையணைக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. மூக்கெல்லாம் பஞ்சு. எட்டு டன் பேசிய வாயில் அன்று ஒரு வார்த்தை வரவில்லை, வந்திருந்தால் பஞ்சு உள்ளே போயிருக்கும்.

பிறகு கழித்துக்கட்டும் படலம். நல்ல போர்வைகள் பத்து, ஒரு முதியோர் இல்லத்துக்கு. ஸ்வெட்டர்கள் பத்து, இரவு ரோந்து போகிற எங்கள் தெருக் காவல்காரருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும். மார்கழியில் நிஜமாகவே குளிரில் நடுங்குகிறவர்கள் அவர்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் என் மனைவி கிழிந்த பெட்ஷீட்டுகள் ஆறைப் போட்டு, முக்கால் மணி நேரம் பேரம் பேசி, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கினாள். அந்த டப் இப்போது பரணில் இருக்கிறது.

பைகளை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டில் மூன்று இன்னும் உழைக்கின்றன. பாலியெஸ்டர் பஞ்சு ரஜாயும் மிச்சமிருக்கும் ஸ்வெட்டர்களும் அவற்றில் இருக்கின்றன. கரப்பான், அந்துப்பூச்சி தொல்லை இல்லை. எங்கள் வீட்டு விதிகள் இப்போது இவை. சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயாத எதுவும் பைக்குள் போகாது. வெயிலில் இருந்து எடுத்து, சூடு ஆறிய பிறகுதான் போகும். அந்துருண்டை கிடையாது, காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைக்கிறோம். ஜிப்பை இரண்டு முறை தடவிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து மூச்சு விடவிட வேண்டும். இலவம்பஞ்சு, பட்டுப்புடவை, தோல் சாமான் பக்கமே போகக் கூடாது. பட்டு மடித்த இடத்தில் இற்றுப்போகும். பட்டியலை முதலில் கதவில் ஒட்டிவிட்டுத்தான் பையை மூட வேண்டும்.

அப்பாவின் ஸ்வெட்டர் அம்மாவின் பீரோவில் ஹேங்கரில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. பை வாங்குவதற்கு முன் வீட்டில் தலையணைகளை எண்ணிப் பாருங்கள். ஆள் கணக்கைவிட ஐந்தாறு கூடுதலாக இருந்தால் பம்பைத் தேடாதீர்கள். போன் போட்டு ஊரிலிருந்து நாலு பேரை வரச்சொல்லுங்கள். எங்கள் சித்தப்பா மறுபடி வருகிற வைகாசிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தலையணை அவரே கொண்டு வருகிறாராம்.